முதல் வண்டியில் ஆறு பேர்

மார்ச் 3

ஆபீஸ் மேடத்துக்கு,

நான்கு நாளாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நான் கத்துவேன், நீ அழுவாய், விஷயம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் எழுதுகிறேன். எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டும் கண்ணாடி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் பதிலையும் அவரிடமே கொடு. பிரித்துப் படிப்பாரோ என்று பயப்படாதே. ரோடு முழுக்கத் தெரியும் அவருக்கு, கையில் இருக்கும் காகிதம் தெரியாது.

டிப்போ பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பயணிகள் குறைவாக உள்ள பதினேழு பஸ் நடைகளை மே முதல் தேதியிலிருந்து நிறுத்தப் போகிறார்களாம். ஆட்சேபனை இருந்தால் இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் எழுதிக் கொடுக்கலாமாம். ஒன்பதாவது வரியில் நான் டிக்கெட் கொடுக்கும் வண்டி. காலை 4.50. 'சராசரிப் பயணிகள்: 6.'

ஆறு பேரா? இன்று காலை பின்படியில் நின்றவர்களே ஆறு பேர்.

கடைசிப் பக்கத்தின் அடியில் 'அட்டவணைத் தொகுப்பு' என்று போட்டுச் சின்ன எழுத்தில் உன் பெயர். டிரைவர்தான் முதலில் பார்த்தார். "இது உன் தங்கச்சி பேரு மாதிரி இருக்கே?"

"உலகத்துல அந்தப் பேர்ல அவ ஒருத்திதான் இருக்காளா?" என்றேன்.

"இனிஷியலும் அதேதான்மா இருக்கு."



அம்மா அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுக்குப் போகிறாள். இது உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். ஐந்தரைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அரை நாள் போச்சு. மூன்று முறை தாமதமானால் வேலையே போச்சு. எனக்கு அடுத்த வண்டி ஆறேகாலுக்கு. இடையில் ஏழு கிலோமீட்டரை அவள் அந்த முழங்காலோடு நடக்க வேண்டும்.

நீ பட்டம் வாங்கிய மறுநாள் வண்டி முழுக்கக் கைதட்டியது. தட்டியவர்கள் ஆறு பேர் இல்லை.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா? எதுவானாலும் என் கோபம் குறையாது. ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியாமல் செய்தேன்.

இங்கே வண்டிகளுக்குப் பெயர் கிடையாது. நாம் முதல் வண்டி என்று சொல்வது இங்கே 2704/1. நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாத பக்கத்தில் என் மேஜை. அங்கே உட்கார்ந்து நூற்றுத் தொண்ணூறு நடைகளின் எண்ணிக்கையையும் நான்தான் தட்டினேன். பன்னிரண்டுக்குக் கீழே வரும் வரிகளுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். பிரிவு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, ஒரு பிழைகூட இல்லை" என்றார். இந்த வேலைக்கு வந்த எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அன்று படிக்கட்டில் இறங்கும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன். உன் கடிதத்தைப் படித்தபோது அந்தச் சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வந்தது. அதை அழிக்க முடிந்தால் தேவலை.

இந்தத் திட்டத்தை எழுதியவர்களைக் கெட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. காலியாக ஓடும் வண்டியை எடுத்து நெரிசலான தடத்துக்குக் கொடுப்பது நியாயம்தானே என்றுதான் நானும் நினைத்தேன். வண்டி உண்மையிலேயே காலியா என்று மட்டும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் விடியும் முன் எழ வேண்டும். இந்தக் கட்டடத்தில் அந்த நேரத்துக்கு எழுபவர்கள் கூட்டிப் பெருக்க வருகிறவர்கள் மட்டும்தான். அவர்களை யாரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை.

நேற்று எல்லோரும் போன பிறகு டிக்கெட் மெஷின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஆறு மாதப் பதிவு. தினமும் ஐந்து, ஆறு, ஏழு. எல்லாமே காசு கொடுத்து வாங்கிய டிக்கெட். தொழிலாளர்களின் இலவசப் பாஸுக்கு ஜீரோ டிக்கெட் என்று ஒரு பத்தி இருக்கிறது. மற்ற வண்டிகளில் அது நிரம்பியிருக்கிறது. உன் வண்டியில் ஒரு நாள்கூட ஓர் எண்ணும் இல்லை.

அக்கா, இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். நீ ஜீரோ டிக்கெட் அடிக்கிறாயா?

தங்கை

*

மார்ச் 9

துப்பறியும் மேடத்துக்கு,

அடிப்பதில்லை. போதுமா?

நாலு வருடத்துக்கு முன்னால் பாஸ் வந்தபோது ஒரு மாதம் அடித்தேன். பாஸை வாங்கிப் பார்க்க வேண்டும், அதன் கடைசி நாலு எண்ணைத் தட்ட வேண்டும், மெஷின் யோசித்து யோசித்து ஒரு சீட்டைத் துப்பும். என் வண்டியில் ஏறுகிறவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். வார்டு கூட்டுகிறவர்கள், சலவைக்காரர்கள், ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்துப் பெண்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிடுவார்கள். அந்த அரை மணி நேரம்தான் அவர்களுக்கு அன்றைக்கு உள்ள ஓய்வு. தூங்குகிறவளைத் தட்டி எழுப்பி 'பாஸைக் காட்டு' என்று தினமும் கேட்கச் சொல்கிறாயா? சமையல்கூடத்துப் பெண் ஒருத்தி, இரண்டு கையிலும் தீக்காயக் கட்டு. பையிலிருந்து பாஸைப் பல்லால் கடித்து இழுத்தாள். அன்றோடு விட்டேன். முப்பத்தைந்து முகமும் எனக்குத் தெரியும். செக்கிங் ஆட்கள் அந்த நேரத்தில் எழுந்து வருவதும் இல்லை.

அந்தப் பாஸைக் கொடுத்தபோது மந்திரி நம் டிப்போவுக்கு வந்து, என் வண்டிப் படியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். 'உழைப்பவருக்கு இது சலுகை அல்ல, உரிமை' என்று பேனர் கட்டினார்கள். இப்போது அதே உரிமையில் ஏறுகிறவர்களை, சீட்டு அடிக்கவில்லை என்பதால் ஆளே இல்லை என்கிறார்கள். கொடுக்கும்போது மைக் வைத்துச் சொல்கிறார்கள், எடுக்கும்போது பலகையில் சின்ன எழுத்தில் ஒட்டுகிறார்கள். நான் எல்லாக் கட்சிக்கும் ஒரு தடவை ஓட்டுப் போட்டுப் பார்த்துவிட்டேன். பேனர் நிறம்தான் மாறுகிறது.

மேனேஜரிடம் போனேன். "இனிமே அடிக்கிறேன் சார்" என்றேன்.

"இப்பத் திடீர்னு நாப்பது சீட்டு அடிச்சா யாரு நம்புவா? வண்டியைக் காப்பாத்த நீயே அடிச்சுக்கிட்டேன்னு சொல்வாங்க. விடும்மா. உனக்கு மத்தியான டூட்டி போட்டுத் தர்றேன். நல்லாத் தூங்கி எந்திரிச்சு வா. நமக்கெதுக்கு வம்பு?"

"எனக்குத் தூக்கம் தர்றீங்க, சரி. அவங்களுக்கு என்ன தர்றீங்க?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடிக்கவே இல்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சின்னவளை ஏன் திட்டுறே? அவ வந்த கணக்கைத்தானே போட்டா. தப்பான கணக்கை அனுப்பினவ நீ" என்கிறாள். வீட்டிலேயே ஒரு நீதிபதி இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போச்சு.

அக்கா

*

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் பிரிவு அதிகாரியிடம் பேசினேன். அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர் தலை நிமிரும் வரை காத்திருந்து, பதிவில் வராத பயணிகள் சில வண்டிகளில் இருக்கலாம் என்று சொன்னேன்.

"இருக்கலாம்கிறதை எந்தக் கட்டத்துல போடறதும்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். என் இடத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் பதில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். காலைப் பணியாளர்களின் வருகைப் பதிவேட்டின் நகல் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். 'பணியாளர்கள் எந்த வாகனத்தில் வருகிறார்கள் என்பது நிர்வாகத்தின் பொறுப்பல்ல' என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது.

ஏப்ரல் 9 அன்று இங்கே மூன்று பேர் கொண்ட குழு ஆட்சேபனைகளைக் கேட்கும். இதுவரை வந்தவற்றைச் சுருக்கித் தட்டுவதும் என் வேலைதான். 'ஏழைகள் பாதிக்கப்படுவார்கள்' என்று எழுதியவற்றையெல்லாம் பொதுவானவை என்று ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எண் எப்படித் தவறானது என்று காட்டுகிற ஆட்சேபனை மட்டும்தான் நிற்கும்.

நீ என்ன யோசிப்பாய் என்று எனக்குத் தெரியும். எழுதாதே. விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டேன். 'பயணிக்குச் சீட்டு வழங்காமை.' காசை வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்கிறவருக்கும் உனக்கும் ஒரே பிரிவுதான். உடனே சஸ்பெண்ட், பிறகு விசாரணை. பதினோரு வருடச் சர்வீஸ், அக்கா. என்னைப் படிக்க வைத்தது அந்த வேலை. அது போவதற்கு நான் தட்டிய ஓர் அட்டவணை காரணமாக இருப்பதை என்னால் தாங்க முடியாது.

வேறு ஏதாவது வழி இருக்கும். எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

தங்கை

*

மார்ச் 27

தங்கச்சிக்கு,

எழுதாதே என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது.

நாள் கேட்கிறாய். இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. ஆட்சேபனை இத்துடன் இருக்கிறது. இதைச் சேர். படித்தவள் என்பதற்காக இதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாதே.

அக்கா

*ஐயா,*

*நான் காலை 4.50 முதல் வண்டியின் கண்டக்டர். இலவசப் பாஸ் வைத்திருக்கும் பயணிகளுக்கு நான் நாலு வருடமாகச் சீட்டு அடிக்கவில்லை. அவர்கள் தூங்குவார்கள். எழுப்ப மனம் வரவில்லை. அது விதிப்படி தப்பு. தப்பு என்னுடையது, தண்டனையும் எனக்கு வரட்டும். வண்டிக்கு வரக் கூடாது.*

*நீங்கள் எழுதிய ஆறு பேர், காசு கொடுத்து ஏறிய ஆறு பேர். மீதி முப்பத்தைந்து பேரை நான் எழுதவில்லை, அதனால் நீங்களும் எழுதவில்லை. சலவைப் பிரிவு எட்டுப் பேர். வார்டு பதினொரு பேர். சமையல்கூடம் ஐந்து. மார்க்கெட் பத்து. ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று நாள் வரும் தையல்காரர் ஒருவர்.*

*இவர்கள் யாரும் உங்களுக்கு ஆட்சேபனை எழுத மாட்டார்கள். விசாரணையைப் பதினொரு மணிக்கு வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் வேலையில் இருப்பார்கள். நீங்கள் உட்காரும் அறையைக் காலையில் துடைத்தவர்களும் இவர்களைப் போல ஒரு முதல் வண்டியில் வந்தவர்கள்தான்.*

*என்னை நம்ப வேண்டாம். ஆள் அனுப்பி எண்ணிப் பாருங்கள்.*

*

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உன் ஆட்சேபனையை இரண்டு நாள் என் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். 31-ஆம் தேதி சாயங்காலம் வரை அப்படியே விட்டிருந்தால் காலக்கெடு முடிந்திருக்கும், உன் வேலை தப்பியிருக்கும், உனக்கும் தெரிந்திருக்காது. அன்று மாலை நான்கு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து போய் முத்திரை போட்டு எண் கொடுத்தேன். 114. எது என்னை எழுப்பியது என்று தெரியவில்லை. உன்னிடம் பொய் சொல்லிவிட்டு அம்மாவின் முழங்காலைப் பார்க்க முடியாது என்பதாக இருக்கலாம்.

நேற்று விசாரணை. நீளமான மேஜை, மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். வந்திருந்த பொதுமக்கள் ஒன்பது பேர். சுருக்கங்களைப் படிக்க வேண்டிய பெண் விடுப்பு. என்னைப் படிக்கச் சொன்னார்கள். கல்லூரியில் வருகைப் பதிவுக்குக் கை மட்டும் தூக்கியவள் நான், உனக்குத் தெரியும்.

113 வரை ஒவ்வொரு வரி படித்தேன். 114-க்கு நானே தட்டி வைத்திருந்த சுருக்கம்: 'எண்ணிக்கையில் பிழை என்கிறார் ஒரு நடத்துநர்.' அதைப் பார்த்தேன். நீ இரண்டு பக்கத்தில் எழுதியதை நான் ஐந்து சொல்லில் புதைத்திருந்தேன். கோப்பைப் புரட்டி உன் தாளை எடுத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

"சுருக்கம்மா, சுருக்கம்!" என்றார் பிரிவு அதிகாரி, பக்கத்திலிருந்து.

நிறுத்தவில்லை. அறையைத் துடைத்தவர்கள் என்ற இடத்தில் தலைவர் தரையைப் பார்த்தார். ஒருவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

முடித்ததும் தலைவர் கேட்டார். "இந்தக் கண்டக்டர் வந்திருக்காங்களா?"

"இல்ல சார். டூட்டியில இருக்காங்க."

"இதெல்லாம் நெசம்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். நான் அவங்க தங்கச்சி. ஆறுன்னு அந்த அட்டவணையைத் தட்டினதும் நான்தான்."

பிறகு அந்த மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். பதினேழு நடைகளிலும் இரண்டு வாரம் ஆள் வைத்து எண்ண வேண்டும், அதற்குப் பிறகுதான் முடிவு என்றார்கள்.

வெளியே வந்ததும் பிரிவு அதிகாரி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் சார், போன மாசம்."

"இப்படிச் சொல்லலையே."

"ஆமா சார். அன்னிக்கு மெதுவாச் சொன்னேன்."

இன்று காலை என்னைப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள். அது போகட்டும். உன் தாளும் டிப்போவுக்குப் போயிருக்கிறது, அக்கா. திங்கட்கிழமைக்குள் உனக்கு மெமோ வந்துவிடும். என்னால் தடுக்க முடியவில்லை. தடுக்க முயன்றேன் என்றும் சொல்ல மாட்டேன்.

தங்கை

*

மே 2

என் தங்கச்சிக்கு,

இழுப்பறையில் பூட்டி வைத்ததற்கு நேரில் வரும்போது ஒன்று வைக்கிறேன். மற்றதை அம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். "அவளா பேசினா? நம்ம சின்னவளா?" என்று மூன்று தடவையும் கேட்டாள்.

மெமோ வந்தது. பதினைந்தாம் தேதி சஸ்பெண்ட். பையையும் மெஷினையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல், "மத்தியான டூட்டியை வாங்கியிருக்கலாம்ல?" என்றார். "தூக்கம் வராது சார்" என்றேன்.

மறுநாளிலிருந்து எண்ணினார்கள். ஒரு பெண்ணும் ஆணும், கையில் தாள் அட்டை, முகத்தில் கொட்டாவி. நான் ஸ்டாப்பில் போய் நின்றேன். தையல்காரர் வந்து நிற்கிறார். அன்று அவருக்குச் சுத்திகரிப்பு நாள் இல்லை.

"உங்க நாள் நாளைக்குத்தானே? வீட்டுக்குப் போங்க" என்றேன்.

"ஒரு தலை கூடுதலா இருக்கட்டும்மா."

"எழுதாம விட்டுத்தான் இந்த நெலமை. இப்ப இல்லாததை எழுதி மாட்டிக்கணுமா? இருக்கிறதே போதும், போய்ப் படுங்க."

முனகிக்கொண்டே போனார். நான் ஏறினேன். எனக்கு உண்மையாகவே வேலை இருந்தது, மெமோவுக்கு விளக்கம் கொடுக்க ஆறு மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன், பதினோரு வருடத்தில் முதல் தடவை. எண்ணும் பெண், தூங்குகிறவர்களை எழுப்பாமல் பேனாவால் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு போனாள். பாஸை யாரிடமும் கேட்கவில்லை. அன்றைய கணக்கு நாற்பத்தொன்று. என்னோடு சேர்த்து.

முந்தாநாள் முடிவு வந்துவிட்டது. நம் வண்டி நிற்காது. இன்னும் நாலு வண்டிக்கும் உயிர் வந்திருக்கிறது. மீதிப் பன்னிரண்டையும் நேற்றிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எண்ணினோம், ஆள் இல்லை என்கிறார்கள். சில வண்டியில் உண்மையாகவே இல்லாமல் இருக்கலாம். ஆனால் கிழக்கு டிப்போவில் ஒரு வண்டியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எண்ணிவிட்டுப் போனார்களாம். கண்ணாடி அண்ணன் சொன்னார்.

என் விசாரணை ஜூலையில். வேலை திரும்பி வருமா என்று தெரியாது. வந்தாலும் இன்க்ரிமென்ட் போகும் என்கிறார்கள். 'உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' என்று மெமோவில் கேட்டிருந்தார்கள். 'தாராளமாக எடுக்கலாம். வண்டி ஓடுகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ ரெக்கார்டு ரூமில்தானே இருக்கிறாய், வசதியாகப் போச்சு. நிறுத்திய அந்தப் பன்னிரண்டு வண்டியும் எந்தெந்த டிப்போ, கண்டக்டர் யார் யார் என்று எழுதி அனுப்பு. எனக்குத்தான் இப்போது நிறைய நேரம் இருக்கிறதே, ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கப் போகிறேன். யார் யார் சீட்டு அடிக்காமல் விட்டார்கள் என்று கேட்பேன். எனக்கு என்ன ஆச்சு என்பதையும் மறைக்காமல் சொல்வேன். பயமாக இருக்கிறது என்பார்கள்.

பயந்துகொண்டே எழுதுங்கள் என்பேன்.

அக்கா